நெளிகிற சட்டகம், நெளியாத சட்டகம்

பஸ் பாடி கட்டக் கரூருக்கும், லாரி பாடி கட்ட நாமக்கல்லுக்கும் போகிற வெறும் சேசிகளை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். முன்னால் எஞ்சின், ஸ்டீயரிங், ஹெல்மெட்டும் துண்டுமாக ஒரு டிரைவர். அவருக்குப் பின்னால் நீளமாக இரண்டு இரும்புத் தண்டுகள், அவ்வளவுதான். பைக்கில் பின்தொடர்ந்து வருகிறவர் சற்று உற்றுப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ஒரு பக்கத்துச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்த இரண்டு தண்டுகளும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. முன்பக்கம் ஒரு சாய்வு, பின்பக்கம் வேறொரு சாய்வு. நாளைக்கு டன் கணக்கில் சுமக்கப்போகிற இரும்பு, இன்று வெறும் வண்டியாகவே நெளிகிறது.

அதை நெளியாமல் செய்ய முடியாதா? இன்னும் கொஞ்சம் தடித்த இரும்பைப் போட்டிருந்தால் தீர்ந்திருக்காதா? தீர்ந்திருக்காது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள லாரியைவிட வசதியான உதாரணம் ஒன்று இருக்கிறது. அதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும்.

வறண்ட ஏரிகளில் ஓடிய வண்டிகள்

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவே பாலைவனத்தில் முராக், எல் மிராஜ் என்று சில வறண்ட ஏரிகள் உண்டு. தண்ணீர் கிடையாது, மைல் கணக்கில் தட்டையான, கெட்டியான களிமண் தரை. 1920களிலும் 30களிலும் அந்த ஊர் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை அங்கே கொண்டுபோய் விரட்டிப் பார்த்தார்கள். பழைய ஃபோர்டுக்குப் பஞ்சமே இல்லை. 1908 முதல் 1927 வரை மாடல் டி ஒன்றரைக் கோடிக்கு மேல் வந்திருந்தது. அடுத்து வந்த மாடல் ஏ, 1931 வரையிலான நான்கே ஆண்டுகளில் ஏறக்குறைய 50 லட்சம். வண்டியை வாங்கி, மட்கார்டைக் கழற்றி, முடிந்தால் கண்ணாடியையும் கழற்றி, எடையைக் குறைத்து எஞ்சினை முடுக்கினார்கள். ஹாட் ராட் என்கிற பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

1932இல் ஃபோர்டு ஒரு வேலை செய்தார். அதுவரை பெரும்பாலும் பணக்காரர்களின் காரில் இருந்த எட்டு சிலிண்டர் எஞ்சினை, சாதாரண ஆள் வாங்கும் காரில் வைத்தார். வி-8 என்று பெயர், 65 குதிரைத்திறன். அதற்கு முந்தைய மாடல் ஏயின் எஞ்சினுக்கு வெறும் 40. விபத்தில் நசுங்கிய வி-8 காரிலிருந்து எஞ்சினைப் பிடுங்கிப் பழைய மாடல் ஏயில் உட்கார வைப்பது விரைவிலேயே வழக்கமானது. 1937இல் தெற்குக் கலிபோர்னிய நேர அளவீட்டுச் சங்கம் அமைந்தது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்தது. 1949இல் யூட்டாவின் பான்வில் உப்புத் தரையில் வேகவாரம் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஓடிய அதே வண்டியில்தான் பலர் திங்கட்கிழமை வேலைக்குப் போனார்கள். எனவே அது சாலையிலும் ஓட வேண்டும், போலீஸ்காரர் நிறுத்தினால் காட்டத் தாளும் இருக்க வேண்டும். இந்த இரட்டை வாழ்க்கைதான் இன்றைக்கும் ஹாட் ராட் கட்டுகிறவர்களின் தலைவலி. புதிதாக வருகிறவர்கள் எந்த எஞ்சின் என்றுதான் முதலில் கேட்பார்கள். நாலு வண்டி கட்டியவர் எந்தச் சட்டகம் என்று கேட்பார். நம் பட்டறைகளில் சேசி என்கிறோமே, அதைத்தான் இங்கே சட்டகம் என்கிறேன்.

ஃபோர்டு ஏன் நெளிய விட்டார்

அன்றைய ஃபோர்டு சட்டகம் ஓர் ஏணி. இரண்டு பக்கமும் நீளமான தண்டுகள், அவற்றை நெடுந்தண்டு என்போம். இடையே சில குறுக்குத்தண்டுகள். மாடல் ஏயில் மூன்று. நெடுந்தண்டு ஒவ்வொன்றும் தகட்டை அழுத்தி மடித்த சேனல்: நிமிர்ந்த முதுகு, மேலும் கீழும் உள்பக்கம் மடிந்த இரண்டு உதடுகள், நான்காவது பக்கம் திறந்த வெளி. எல்லாம் ரிவெட் அடித்துச் சேர்த்தது.

இந்தச் சட்டகத்தை முறுக்கினால் முறுகும். அது தெரிந்தேதான் செய்தார்கள். 1910, 20களில் அமெரிக்கக் கிராமச் சாலை என்பது குதிரைவண்டித் தடம். நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும் தருணமே அபூர்வம். அந்தத் தடத்தில் விறைப்பான சட்டகம் ஓடினால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும், அல்லது ஏதோ ஓரிடத்தில் விரிசல் விடும்.

ஆனாலும் எல்லா நெளிவையும் சட்டகத்தின் தலையிலேயே கட்டிவிடவில்லை. முன் அச்சை ஒரே ஒரு கமான் பட்டைதான் தாங்கியது, அதுவும் காரின் குறுக்கே. அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்க ஒரு கவட்டைக் கம்பி: அதன் இரண்டு கால்களும் அச்சின் இரு முனைகளில், பின்நுனி மட்டும் எஞ்சினின் பின்பக்க அடியில் ஒரே ஒரு பந்து மூட்டில். ஒரு பக்கத்துச் சக்கரம் மேட்டில் ஏறினால் அச்சும் கவட்டையும் சேர்ந்தபடி அந்தப் பந்தைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். பின்பக்கமும் இதே ஏற்பாடுதான். சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டை ஒரு தடித்த குழாய்க்குள் வைத்து, அந்தக் குழாயின் முன்நுனியைக் கியர்பெட்டியின் பின்னால் ஒரு பந்தில் நிறுத்தினார்கள். மேடு பள்ளத்தில் ஒரு பெரும் பங்கை இந்தப் பந்து மூட்டுகளே விழுங்கிவிடும். மிச்சம்தான் சட்டகத்துக்கு.

40 குதிரைத்திறன் இருந்தவரை இந்தக் கணக்கு பிசகவில்லை. போருக்குப் பிந்தைய ஃபோர்டு வி-8இல் 100 குதிரைத்திறன். 1955இல் செவ்ரோலே கொண்டுவந்த புதிய வி-8, அடிப்படை வடிவிலேயே 162. அதை மாடல் ஏ சட்டகத்தில் வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் தன்னைத் தாங்கும் தண்டுகளில் ஒன்றைக் கீழே அழுத்தும், மற்றதை மேலே தூக்கும். பாதைக்கு நெளிவது வேறு, சொந்த எஞ்சினுக்கே நெளிவது வேறு. கதவு இடுக்கு அகலும். ஸ்டீயரிங் பெட்டி தான் உட்கார்ந்த தண்டோடு சேர்ந்து சாயும், டிரைவர் திருப்பாமலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இவ்வளவுக்கும் காரணம் முறுக்குதான். சட்டகம் பாரத்தால் நடுவில் தொய்வதை நான் இன்னும் சொல்லவே இல்லை, ஏனென்றால் அது அநேகமாக ஒரு பிரச்சினையே இல்லை. கணக்குப் போட்டால் தெரியும்.

ஒரு சேனலை முறுக்கிப் பார்ப்போம்

உண்மையான ஃபோர்டு தண்டின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். நமக்கு எளிய துண்டு ஒன்று போதும். முதுகு 100 மி.மீ. உயரம், உதடுகள் 45 மி.மீ. அகலம், தகட்டின் தடிமன் 3 மி.மீ., நீளம் ஒரு மீட்டர். எடை ஏறக்குறைய 4.3 கிலோ வரும்.

முதலில் வளைத்துப் பார்ப்போம். துண்டின் இரு முனைகளையும் இரண்டு கட்டைகள் மேல் வைத்து, அது பக்கவாட்டில் திரும்பிவிடாமல் பிடித்துக்கொண்டு, 70 கிலோ ஆள் ஒருவரை நடுவில் நிற்க வையுங்கள். எவ்வளவு தொய்யும்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முடியின் தடிமன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சேனல் பாரம் தாங்குவதில் குறையே சொல்ல முடியாது.

அடுத்து, அதே துண்டின் ஒரு முனையைச் சுழலாதபடி நிறுத்துங்கள். ஆனால் உதடுகள் முன்னும் பின்னும் நகர்வதைத் தடுக்க வேண்டாம். மறுமுனையில் பக்கவாட்டில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு நெம்புகம்பியைப் பொருத்தி, அதன் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். ஓர் அரிசிப் பை. நுனி எவ்வளவு இறங்கும்? சுமார் 33 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடிக்கு மேல்! ஓர் ஆளையே அசையாமல் தாங்கிய இரும்பு, ஐந்து கிலோ அரிசிக்கு இப்படித் திரும்பிவிடுகிறது.

சரி, இரும்பைத் தடிப்பாக்குவோம். 3 மி.மீ. தகட்டுக்குப் பதில் 4.5 மி.மீ. எடை ஏறக்குறைய 6.5 கிலோ ஆகிவிடும், அதாவது ஒன்றரை மடங்கு. முறுக்கு எதிர்ப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதால் அது மூன்றரை மடங்கை நெருங்கும். நெம்புகம்பி இப்போது 33 செ.மீ.க்குப் பதில் பத்துச் சொச்சம் செ.மீ. இறங்கும். பரவாயில்லை என்று தோன்றும்.

அதே கூடுதல் இரண்டு கிலோ இரும்பை வேறு விதமாகச் செலவழித்துப் பார்ப்போம். பழைய 3 மி.மீ. சேனலை அப்படியே வைத்துக்கொண்டு, திறந்திருந்த நான்காவது பக்கத்தில், ஓர் உதட்டிலிருந்து மறு உதடுவரை, 3 மி.மீ. தகடு ஒன்றை வைத்து நெடுக வெல்டிங் செய்துவிடுவோம். இந்த மூடுதகடு சேனலைப் பெட்டியாக்கிவிடுகிறது. எடை அதே 6.5 கிலோ. அரிசிப் பையைத் தொங்கவிட்டால் நுனி இறங்குவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

முறுக்கு எதிர்ப்பு ஏறக்குறைய 400 மடங்கு. வளைவுக்கு எதிரான திறன் இந்த மூடுதகட்டால் எவ்வளவு கூடியது தெரியுமா? கால் பங்கு மட்டும். ஒரே தகடு, ஒரே வெல்டிங். ஒன்றில் 25 சதவீதம், இன்னொன்றில் 400 மடங்கு. ஹாட் ராட் பட்டறைகளில் பழைய சட்டகம் ஒன்று வந்து இறங்கியதும் முதல் வேலையாகத் தகடு வெட்ட ஆரம்பிப்பது இதனால்தான்.

உதடுகள் நழுவும் இடம்

400 மடங்கு என்பது நம்பும்படியாக இல்லை என்று தோன்றினால், காலண்டர் சுற்றி வருகிற அட்டைக் குழாய் ஒன்றை எடுங்கள். இரண்டு கையாலும் முறுக்குங்கள், அசையாது. பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஒரே கீறலாகக் கத்தியால் கிழித்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். துணி மாதிரி திரும்பும். ஒரு துளி அட்டைகூடக் குறையவில்லை, எடை அதேதான்.

என்ன நடந்தது என்று பார்க்கக் கீறலுக்குக் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு மெதுவாக முறுக்குங்கள். கோடு இரண்டாக உடையும். கீறலின் ஒரு விளிம்பு முன்னாலும் மறு விளிம்பு பின்னாலும் நழுவிப் போயிருக்கும். முழுக்குழாயில் அந்த நழுவலுக்கு வழியில்லை, ஏனென்றால் ஒவ்வொரு பகுதியையும் பக்கத்துப் பகுதி பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடி சுற்றிலும் போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. கீறிய குழாயில் அந்தச் சுற்று அறுந்துவிட்டது. முறுக்கை எதிர்க்கும் விசை இப்போது தகட்டின் தடிமனுக்குள்ளேயே ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி வர வேண்டும். அந்த இடமோ நம் சேனலில் மூன்று மில்லிமீட்டர். தடிமனைக் கூட்டினால் கொஞ்சம் பலன், சுற்றை மூடினால் பெரும் பலன் என்பதன் காரணம் இதுதான்.

சேனலும் நெடுக ஒரு பக்கம் கீறி விரித்த குழாய்தான். அதன் இரண்டு உதடுகளும் நழுவுவதைத் தடுத்துவிட்டால் ஆயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வண்டியில் இருக்கும் சேனலின் முனைகள் குறுக்குத்தண்டுகளோடு ரிவெட்டில் கட்டுப்பட்டிருப்பதால் உதடுகள் நம் சோதனைத் துண்டில் போல இஷ்டத்துக்கு நழுவ முடியாது. அதனால் திறந்த சட்டகம் அந்த அரிசிப் பைக் கணக்கு காட்டுவதைவிட நன்றாகவே தாங்கும். பெட்டியாக்கிய சட்டகத்திலோ மூட்டுகளின் தளர்வு தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். முழு வண்டிக்கு 400 மடங்கு கிடைக்காது. கிடைப்பதே போதும்.

குறுக்கே ஓர் எக்ஸ்

பெட்டியாக்குவது ஒரு வழி. ஃபோர்டே கையாண்ட இன்னொரு வழி உண்டு. 1932 காரின் சட்டகத்தில் நடுக்குறுக்குத்தண்டு ஆங்கில எழுத்து கே போன்ற வடிவில் இருந்தது. 1933இல் சட்டகத்தை நீட்டினார்கள். முன் பின் சக்கரங்களுக்கு இடையேயான தூரம் 106 அங்குலத்திலிருந்து 112 அங்குலமானது. கூடவே நடுவில் எக்ஸ் வடிவத் தண்டு ஒன்றையும் வைத்தார்கள்.

இந்த எக்ஸ் செய்யும் தந்திரம் எனக்கு மிகப் பிடித்தது. ஏணிச் சட்டகம் முறுகும்போது எதிரெதிர் மூலைகள் ஜோடி சேரும். முன் இடதும் பின் வலதும் மேலே போனால், முன் வலதும் பின் இடதும் கீழே போகும். எக்ஸின் ஒரு கையின் இரு முனைகளும் மேலே இழுக்கப்படுகின்றன, இன்னொரு கையின் இரு முனைகளும் கீழே. இரண்டும் நடுவில் ஒன்றாகக் கட்டுப்பட்டிருப்பதால் ஒன்றை ஒன்று எதிர்த்து வளைய வேண்டியிருக்கிறது. முறுக்கு இங்கே வளைவாக மாறிவிட்டது. வளைவை எதிர்ப்பதில் திறந்த சேனல்கூடச் சூரன் என்று மேலே பார்த்தோமே! தனக்கு வராத வேலையைத் தனக்கு வரும் வேலையாக மாற்றிக்கொள்கிறது சட்டகம்.

இதே அறிவு இல்லாததால் நடக்கிற ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். வேறு எஞ்சின் வைக்கும்போது கவட்டைக் கம்பியின் பந்து மூட்டுக்கு இடமில்லாமல் போகும். எனவே கவட்டையை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு காலின் பின்நுனியையும் அந்தந்தப் பக்கத்து நெடுந்தண்டில் மாட்டுவார்கள். பார்வைக்கு அழகு. ஆனால் இனி ஒரு சக்கரம் ஏறினால் அச்சு பந்தைச் சுற்றித் திரும்ப முடியாது. அச்சே முறுக வேண்டும். ஃபோர்டின் பழைய முன் அச்சு ஐ வடிவத் திறந்த வெட்டுமுகம் கொண்டது, முறுகிக் கொடுக்கும். 1937இல் சிறிய 60 குதிரைத்திறன் வி-8 வண்டிகளோடு வந்த குழாய் அச்சோ மூடிய வெட்டுமுகம், மசியாது. அதை வெட்டிய கவட்டையோடு சேர்த்தால் விசை முழுவதும் மாட்டிய இடங்களில் போய் விழும், எங்கோ ஓர் இடத்தில் உலோகம் களைத்து விரிசல் விடும். விறைப்பு எல்லா இடத்திலும் நல்லதல்ல.

நான்கு சட்டகங்கள், ஒரு ரோட்ஸ்டர்

கையில் மாடல் ஏ ரோட்ஸ்டரின் உடற்பகுதி இருக்கிறது, கூரையில்லாத இரண்டு பேர் வண்டி. அதன் கீழே எதை வைப்பது?

முதல் யோசனை, அதன் சொந்தச் சட்டகம். முன் பின் தூரம் 103.5 அங்குலம், நேரான தண்டுகள். உடற்பகுதியின் எல்லா ஓட்டைகளும் அதில் பொருந்தும், விலையும் குறைவு. 40களின் வி-8 ஒன்றை வைத்து நிதானமாக ஓட்டுவதானால் முன்பாதியை மட்டும் பெட்டியாக்கி, நடுவில் உறுதியான ஒரு குறுக்குத்தண்டை வைத்தாலே போதும். முழுவதையும் பெட்டியாக்குவது அநாவசியம் என்பது என் கட்சி. ஆனால் மூடுதகடு முடிகிற இடத்தைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தக்கூடாது. விறைத்த பகுதியும் நெளியும் பகுதியும் ஒரே கோட்டில் சந்தித்தால் நெளிவு முழுவதும் அந்தக் கோட்டில் குவியும், விரிசல் அங்கேதான் தொடங்கும். தகட்டின் நுனியை மீன்வாய் போலக் குடைந்து வெட்டினால் மாற்றம் படிப்படியாக நிகழும்.

இரண்டாவது, 1932இன் அசல் சட்டகம். மாடல் ஏ உடலை அதன் மேல் ஏற்றுவது ஹாட் ராட் உலகில் பழம்பெரும் வழக்கம். அந்தச் சட்டகம் வி-8ஐத் தாங்கும்படி செய்தது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெறும் அழகு. மாடல் ஏயில் நெடுந்தண்டை மறைக்க ஒரு தகடு இருக்கும். மட்கார்டோடு அதையும் கழற்றிவிட்டால் வெறும் சேனல் பல்லைக் காட்டும். 1932இல் தண்டின் வெளிப்பக்கமே காரின் அடிவரம்பு. அதில் மெல்லிய ஒரு மடிப்பு நெடுக ஓடி வளையும். அந்த ஒரு மடிப்புக்காகப் பிறகு வந்தவர்கள் கொடுத்த விலை அதிகம், மிச்சமிருக்கும் அசல்களும் சொற்பம்.

மூன்றாவது, 1932 போலவே இன்று புதிதாக அழுத்திச் செய்யும் தண்டுகள், பெட்டியாக்கி, எக்ஸ் வைத்து வருபவை. 160 குதிரைத்திறனுக்கு மேல் யோசிக்கிறவருக்கு இதுதான் சரி. பழைய துரு இல்லை, தெரியாத விரிசல் இல்லை. இன்றைய எஞ்சின், கியர்பெட்டி வைக்கும்போது பழைய குழாய்க்குள் ஓடும் தண்டு போய்விடும். பின் அச்சு தன்னைச் சுழற்றிக்கொள்ளாமல் பிடிக்கத் தனிக் கம்பிகளை நெடுந்தண்டில் மாட்ட வேண்டியிருக்கும். அந்த மாட்டுமிடங்களுக்கான பலமும் புதிய சட்டகத்தில் முன்கூட்டியே இருக்கும்.

நான்காவது, 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் செவ்வகக் குழாயை வெட்டி நீங்களே கட்டுவது. பிறவியிலேயே மூடிய வெட்டுமுகம், பட்ஜெட்டுக்கு ஏற்றது, வெல்டிங் தெரிந்தவருக்கு எளிது. பார்க்க என்னவோ கேட் மாதிரி இருக்கும், அது ஒன்றுதான் குறை.

காரைத் தாழ்த்த வேண்டும் என்பதற்காக நெடுந்தண்டைக் குறுக்கே வெட்டிப் படிக்கட்டுப் போல ஏற்றி ஒட்டுகிறவர்கள் உண்டு. முடிந்தவரை வேண்டாம். நடுவில் தாழ்வாக வளைத்த முன் அச்சைப் போட்டால் சட்டகத்தைத் தொடாமலே முன்பக்கம் இறங்கிவிடும். சட்டகத்தைத் தொடாமலிருப்பதில் சட்டரீதியான லாபமும் இருக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன்.

தூக்குக்குண்டும் ரசமட்டமும்

தொண்ணூறு வயதுச் சட்டகத்தை வாங்கப் போகிறவர் கையில் கொண்டுபோக வேண்டியவை கொத்தனாரின் பையில் இருப்பவைதான். சட்டகத்தைச் சமதரையில் நான்கு முட்டுகள் மேல் நிறுத்தி, நான்கு மூலைகளிலும் ஒரே மாதிரியான ரிவெட் ஓட்டையிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். சட்டகத்தை நகர்த்திவிட்டு மூலைவிட்டங்கள் இரண்டையும் நாடாவால் அளக்க வேண்டும். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் இருந்தால் எப்போதோ ஒரு மூலையில் அடி வாங்கி, செவ்வகம் சாய்சதுரமாகியிருக்கிறது.

மூலைவிட்டம் சரியாக இருப்பதால் மட்டும் சட்டகம் நேராக இருக்கிறது என்று அர்த்தமில்லை. முறுகி நிற்கும் சட்டகத்திலும் மூலைவிட்டங்கள் சமமாகவே இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது ரசமட்டம். முன்னால் இரண்டு தண்டுகளுக்கும் குறுக்கே ஒரு நேர்சட்டம் வைத்து மட்டம் பார்க்கவும், பின்னாலும் அப்படியே. முன்னால் குமிழி நடுவிலும் பின்னால் ஓரத்திலும் நின்றால் முறுகியிருக்கிறது. திறந்த சேனலாக இருக்கும்வரை அதை நிமிர்த்தலாம். நிமிர்த்தாமல் மூடுதகட்டைப் பற்றவைத்துவிட்டால், அந்த முறுகலைப் பல மடங்கு உறுதியோடு நிரந்தரமாக்கிவிட்டீர்கள்.

துருவைக் கண்ணால் மட்டும் பார்க்கக்கூடாது. தண்ணீர் தேங்குவது கீழ் உதட்டின் உள்பக்கம், ரிவெட் போட்ட இரட்டைத் தகட்டின் இடுக்கு, பின் குறுக்குத்தண்டின் மூலை. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று பேசும், அரித்த இடம் பொத்தென்று சொல்லும். பழைய உரிமையாளர்கள் இஷ்டத்துக்குத் துளைத்த ஓட்டைகளின் விளிம்புகளையும் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் அங்கேதான் பதுங்கியிருக்கும்.

வெல்டிங்கும் சும்மா விடாது. பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கும். ஒரு முனையில் ஆரம்பித்து நெடுக ஒரே ஓட்டமாக ஓட்டினால் தண்டு முழுவதும் தகடு வைத்த பக்கமாக வில்போல் இழுத்துக்கொள்ளும். அனுபவசாலி முதலில் பொட்டுப் பொட்டாகப் பிடித்துக்கொள்வார். பிறகு இங்கே இரண்டு விரற்கடை, அங்கே இரண்டு விரற்கடை, மேல் உதட்டில் ஒன்று, எதிர்த்தண்டின் கீழ் உதட்டில் ஒன்று என்று சூடு ஓரிடத்தில் சேராதபடி தாவிக்கொண்டே போவார். எஞ்சினின் டம்மிக் கூட்டையோ குறுக்கே ஓர் இரும்புக் கோலையோ மாட்டி வைத்துத்தான் இதைச் செய்வார். முடித்தபின் மறுபடி தூக்குக்குண்டு.

சட்டகத்தில் அடித்த எண்

இதுவரை சட்டகத்தை இரும்பாகப் பார்த்தோம். அரசாங்கத்துக்கு அது முதலில் ஓர் எண். மாடல் ஏயில் எஞ்சினில் அடித்த எண்ணையே இடப்பக்க நெடுந்தண்டின் மேற்புறத்திலும் அடித்தார்கள். உடற்பகுதியை ஏற்றியபின் அது கண்ணில் படாது. எஞ்சின்கள் கைமாறிக்கொண்டே இருந்த ஹாட் ராட் உலகில் வண்டி எது என்று சொல்ல மிஞ்சியது அந்த மறைந்த எண்தான். பழைய எண்ணை வெட்டியெடுத்துப் புதுத் தண்டில் ஒட்டுவது பல இடங்களில் குற்றம். ஆகவே வாங்குமுன் தாளில் இருக்கும் எண்ணையும் இரும்பில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணத்தை எண்ணக் கூடாது.

புதிய சட்டகத்தில் கட்டியதைக் கலிபோர்னியா தனிக்கட்டுமான வண்டி என்று பதிவு செய்கிறது. நெடுஞ்சாலைக் காவல்துறை பாகங்களைப் பார்த்துச் சரிபார்த்தபின் மாநிலம் புது அடையாள எண் தரும். விளக்கும் பிரேக்கும் தனியே சோதனைக்குப் போகும். புகைக் கட்டுப்பாட்டில் ஒரு சலுகை உண்டு: ஆண்டுக்கு முதலில் விண்ணப்பிக்கும் 500 வண்டிகள் வரை, உடல் தோற்றமளிக்கும் ஆண்டையோ எஞ்சினின் ஆண்டையோ வைத்து விதியைத் தேர்ந்துகொள்ளலாம். மூன்றாவது, நான்காவது வகைச் சட்டகங்கள் அங்கே செழிப்பதற்கு இந்த வழி திறந்திருப்பது ஒரு காரணம்.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே பல ஆண்டுகள் புள்ளிக் கணக்கு ஒன்று இருந்தது. மாற்றியமைத்த வண்டி பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ள 8 புள்ளி வேண்டும். மாற்றாத சட்டகத்துக்கு 5. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பெட்டித் தொகுதி, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. கூட்டிப் பாருங்கள். அசல் சட்டகம், அசல் அச்சுகள், அசல் ஸ்டீயரிங் மூன்றும் இருந்தால் 9; எஞ்சினையும் கியர்பெட்டியையும் தூக்கி எறிந்துவிட்டு எதை வேண்டுமானாலும் வைக்கலாம். சட்டகத்தை வெட்டினாலோ அந்த 5 போய்விடும், மற்ற அனைத்தும் அசலாக இருந்தாலும் பழைய பதிவெண் கிடைக்காது. எனவே அங்கே கட்டுகிறவர் தண்டை வெட்டாமல் தாழ்வான அச்சுக்கும், அளவான எஞ்சினுக்கும் ஒதுங்கினார்.

நம் நாட்டில் 2021இல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு நடுவில் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். சேசி, உடற்கூடு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. பழைய ஃபோர்டு ஒன்று உங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையில் இருந்து, அதன் தண்டுகளுக்கு மூடுதகடு வெட்டும் எண்ணமும் இருந்தால், வெல்டிங் மெஷினை எடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வருவது நல்லது.